ஓடும் பெண்ணை வரைந்தவள்

ஓரிஹாரா குனிகோ, படத்தில் மனிதர்களை ஓட வைப்பதில் கெட்டிக்காரி. மிசோனோ ஸ்டூடியோ பற்பசை விளம்பரங்களுக்குப் பொம்மைப் படம் வரைந்து பிழைத்த காலத்திலேயே உள்ளே வந்தவள். பிறகு வாராவாரம் டிவியில் வரும் ரோபோத் தொடர்கள் தொடங்கின. எந்த ரோபோ சாய்ந்தாலும், கீழே அலறியடித்து ஓடும் கூட்டம் குனிகோவின் கைவண்ணம். நகரின் நெரிமாப் பகுதியில் ஒற்றை அறை, ஒரு மேசை, வெந்நீர் ஊற்றிய நூடுல்ஸ். கல்யாணத்துக்கு எங்கே நேரம்?

படம் தாமதமானால் ஸ்டூடியோ ஆள் வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவார், வாங்காமல் நகரமாட்டார். அந்தத் தொழிலில் அது வழக்கம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அன்று காலை வந்தவர் மினேகிஷி. செருப்பு கழற்றும் இடத்தில் உட்கார்ந்து சோற்றுருண்டை தின்றுகொண்டிருந்தார்.

தொலைபேசி அடித்தது. சொந்த ஊரான சிச்சிபுவின் ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி ஷோஜி.

"அக்கா, அப்பாவுக்கு மூச்சு இழுக்குது. உன்னைத்தான் கேக்குறாரு. உடனே கிளம்பி வா."

குனிகோ கோட்டை மாட்டினாள். மினேகிஷி நெற்றி தரையில் படக் கும்பிட்டு விழுந்தார். பாவி மனுஷன், வழியை மறித்திருந்தால் தள்ளிவிட்டுப் போயிருப்பாள்.

"அந்தப் பொண்ணு மலையில இறங்கி ஓடுற காட்சி மட்டும் போதும்ங்க. வண்ணம் பூசி இன்னிக்குக் கேமராவுக்குப் போகலைன்னா ஞாயித்துக்கிழமை டிவியில காட்ட ஒண்ணுமில்ல."

"எங்கப்பா சாகக் கிடக்கிறார், மினேகிஷி!"

"தெரியுதுங்க. ஆனா உங்களை மாதிரி ஓட வைக்க வேற யாரு இருக்கா?"

அந்தப் புகழ்ச்சிதான் அவளைக் கவிழ்த்தது. கோட்டோடு உட்கார்ந்தாள். கை வரைந்தது, மனசு சிச்சிபுவில் கிடந்து தவித்தது. மதியம் தாண்டித்தான் தாள்களைக் கொடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடினாள்.

போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முகத்தை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். ஷோஜி அவளோடு பேசவேயில்லை.

ஞாயிறு மாலை, தகனமெல்லாம் முடிந்த வீட்டில், ஷோஜியின் மகள் டிவியைப் போட்டாள். மலைக்காட்சி வந்தது. பெண் ஓடவில்லை. ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றாள். கேமராதான் அவள்மேல் நகர்ந்தது, பின்னால் பாட்டு. வண்ணம் பூச நேரமில்லாமல், அப்பா இறந்ததற்கு முந்தின நாள் அவள் கொடுத்திருந்த ஒற்றைப் படத்தை வைத்தே ஒப்பேற்றிவிட்டார்கள். அப்பா இறந்த அன்று கோட்டோடு உட்கார்ந்து வரைந்ததில் ஒரு தாள்கூட அதில் இல்லை.

ஷோஜி அப்போதுதான் வாய் திறந்தான். "இதையா அக்கா வரைஞ்சிட்டிருந்தே?"

"நான் வரைஞ்ச பொண்ணு ஓடுவாடா," என்றவள், அதற்குமேல் முடியாமல் ஓவென்று அழுதாள்.