அப்பா சரி சொன்னால்

கோமு அப்பாவின் முதுகுக்கடியில் ஒரு கையைக் கொடுத்து, மறுகையால் இடுப்பைப் பிடித்து, ஒரே மூச்சில் அவரைச் சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். நனைந்த துணியை உருவி வாளியில் போட்டாள். வெந்நீர்த் துண்டால் துடைத்து, ஈரம் போக ஒற்றி, முதுகைத் தடவிப் பார்த்தாள். எங்கும் சிவக்கவில்லை. அப்பா பாபநாசத்துக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். ஒரு படுக்கைப்புண் வந்ததில்லை. பார்க்க வந்த டாக்டர், "எந்த நர்ஸ் வாராங்க?" என்று கேட்டார். பி.காம். முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் மூன்று வருடம் பில் போட்டவளுக்கு, தனக்கும் ஒன்று தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுவாரமே பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினாள். நர்சிங் கல்லூரி அலுவலகத்தில் இருந்த அம்மாள் பட்டத்தைப் பார்க்கவேயில்லை. பிளஸ் டூ மார்க் ஷீட்டைத்தான் பார்த்தாள்.

"பயாலஜி இல்லியேம்மா. பி.எஸ்ஸி. நர்சிங் கெடைக்காது. மூணு வருச டிப்ளமாவுக்குப் போடலாம். வெள்ளிக்கிழமையோட முடியுது. ஆஸ்டல் கட்டாயம். அப்பா இல்லன்னா அம்மா, யாராவது கையெழுத்துப் போடணும்."

பயாலஜி ஏன் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பிளஸ் ஒன் சேர்த்த அன்று அப்பா, "முட்டை ஏறாத வீட்டுப் பிள்ள தவளைய அறுக்கவா?" என்று காமர்ஸில் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் தவளை அறுப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தார்கள். பயாலஜிப் பிள்ளைகள் படத்தில்தான் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. அம்மா ராஜராஜேஸ்வரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அறை வாசலில் நின்றாள். உள்ளே வந்தால் குளிக்காமல் அடுக்களைக்குள் போக மாட்டாள், அதனால் வருவதேயில்லை.

"முடிஞ்சிட்டுன்னா தலைக்கு ஊத்திட்டு வா."

"பாரத்துல கையெழுத்துப் போட்டியாம்மா?"

"பி.காம். படிச்சிட்டு ஊரான் பீய அள்ளப் போறியாட்டி?"

"இப்ப என்னத்த அள்ளுதேனாம், பன்னீரா?"

"இது பெத்த அப்பா." அம்மாவின் குரல் இறங்கியது. "நீ போயிட்டா இவுகள யாருட்டி பொரட்டுவா? என் இடுப்பு என்னையே எந்திரிக்க விடமாட்டேங்கு."

கோமு ஆள் தேடாமல் இல்லை. தச்சநல்லூர் முழுக்கக் கேட்டதில் பகலுக்கு ஒருத்தி வரச் சம்மதித்தாள். ராத்திரிக்கு யாருமில்லை.

"நாளைக்கு விட்டா ஒரு வருசம் போச்சு. அதுக்குள்ள ஒருத்தன் தலைல கட்டிருவிய. போடும்மா."

"அப்பா சரின்னு சொல்லட்டும், போடுதேன். இருபத்தெட்டு வருசத்துல அவுகளக் கேக்காம நான் எதுலயும் போட்டதில்ல."

குத்தலாகச் சொல்லவில்லை. ரேஷன் கார்டில் முகவரி மாற்றியபோதும் அப்படித்தான். அவருக்குப் பேச்சு போய்விட்டது என்பது மட்டும் அவள் கணக்கில் வரவில்லை.

கோமு அப்பாவை மல்லாக்கத் திருப்பினாள். முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"உங்களுக்கு எல்லாம் வெளங்குதுன்னு எனக்குத் தெரியும்ப்பா. அன்னைக்கு பயாலஜி வேண்டாம்னிய, கேட்டுக்கிட்டேன். இன்னைக்கு ஒரே ஒரு தடவ தலைய ஆட்டுங்க. நான் படிக்கப் போவட்டுமா?"

காபி வேண்டுமா என்றால் ஆட்டுகிற தலைதான். ஆடவில்லை. நல்ல கை மட்டும் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பிடி இறுகியது. கண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"போன்னு சொல்லுதியளா, இருன்னு சொல்லுதியளா? எங்கிட்ட சொல்லுங்கப்பா."

பிறகு அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கையைப் போர்வைக்குள் வைத்து, வாளியை எடுத்துக்கொண்டு, ஒதுங்கி நின்ற அம்மாவைத் தாண்டி வெளியே போனாள்.