கப்பலில் ஒரு தட்டுச் சோறு

என் மகளுக்கு முந்திரிப்பருப்பு ஆகாது. பிடிக்காது என்று இல்லை, உடம்புக்கு ஆகாது. பாதிப் பருப்பு உள்ளே போனாலும் போதும், உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். அவள் சின்னவளாக இருந்தபோது பக்கத்து வீட்டில் ஆசையாகக் கொடுத்த ஒரு துண்டு கேக்கில்தான் இது எங்களுக்குத் தெரிய வந்தது. அன்று அவளை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் தம்பானூரைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் நான் சிக்னலைத் திட்டினேன், பஸ்ஸைத் திட்டினேன், ஆட்டோக்காரரையும் விட்டுவைக்கவில்லை. பாவம், அவர் ஹாரனை அழுத்தியபடியே வண்டியை விரட்டினார். அன்றிலிருந்து ஊசி மருந்து ஒரு சின்ன டப்பாவில் என் கைப்பையோடு இருக்கிறது.

திருவனந்தபுரத்தில் முந்திரிக்குத் தப்பி வாழ்வது லேசான காரியம் இல்லை. பாயசத்தில் மிதக்கும். பிரியாணியில் ஒளிந்திருக்கும். குருமாவில் அரைபட்டு, இருக்கிற இடமே தெரியாமல் கிடக்கும். கண்ணுக்குத் தெரிகிற பருப்பையாவது மன்னித்துவிடுவேன், இந்த அரைத்த விழுதுதான் எனக்கு ஜென்ம விரோதி. அதனால் ஹோட்டலுக்குப் போனால் நானும் என் கணவரும் தட்டில் சாப்பிடுவோம், அவள் வீட்டிலிருந்து கொண்டுபோன டப்பாவைத் திறப்பாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அந்தச் சுளிக்காத முகத்தைப் பார்க்க முடியாமல் நான் என் தட்டையே பார்த்துச் சாப்பிடுவேன்.

சொந்தக்காரர்கள் வேறு வகைச் சோதனை. என் கணவரின் அக்கா நாகர்கோவிலில் இருக்கிறார். தங்கமான மனுஷி, என் பிரசவத்துக்கு வந்து மாதக்கணக்கில் என்னைத் தாங்கியவர். ஆனால் அவருடைய அன்பு முழுக்கக் கரண்டி வழியாகத்தான் இறங்கும். வேண்டாம் என்று சொல்கிறவர்களைக் கண்டால் இரண்டு கரண்டி கூட விழும். வலியசாலையில் ஒரு கல்யாணப் பந்தியில், என் மகளின் இலையருகே பாயச வாளியோடு வந்து நின்றார்.

"வேண்டாம் மதினி, அவளுக்கு முந்திரி ஆகாது. டாக்டர் சொல்லியிருக்காரு" என்றேன்.

"ஒத்தப் பருப்புல என்னட்டி வந்துரப் போவுது? நம்ம குடும்பத்துல ஆருக்கும் இப்படி ஒரு சீக்கு கெடையாது. பிள்ளை ஏங்கிப் போயிரும்லா."

கரண்டி இறங்கிக்கொண்டே வந்தது. இலையை நான் கையால் மூடினேன். அவர் என் விரலிடுக்கைப் பார்த்துக் குறிவைத்தார். எனக்கு வந்த கோபத்தில், யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "நேர்ச்சை மதினி! முருகனுக்கு நேந்து முந்திரிய விட்டிருக்கா!"

கரண்டி அப்படியே நின்றது. மதினி வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இதை முதல்லயே சொல்லப்பிடாதா? நான் ஒரு கிறுக்கி" என்று அடுத்த இலைக்குப் போய்விட்டார். டாக்டருக்குக் கிடைக்காத மரியாதை முருகனுக்குக் கிடைத்தது.

அதன்பின் எங்கே போனாலும் எங்களுக்கு அந்த வேண்டுதல்தான், நேர்ச்சைதான். ஆரியசாலையில் என் கணவர் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். கடைத்தெருவில் ஒரு கல்யாணம் காதுகுத்து விடாமல் அழைப்பு வரும், எல்லாப் பந்தியிலும் அவர் வாயில் அதே வசனம். யாரும் எதிர்க் கேள்வி கேட்டதில்லை. அவள் சாப்பிடுவது எப்படியும் டப்பாச் சோறு, பரிமாறுகிற கையைத் தடுத்தால் எங்களுக்குப் போதும் என்று இருந்தோம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கப்பல் வந்தது. ஊருக்கு வெளியே ஒரு நீர் விளையாட்டுப் பூங்கா இருக்கிறது. அதற்குள் கடற்கொள்ளைக்காரர்களின் கப்பல் போலவே கட்டிய ஒரு ரெஸ்டாரண்ட். பள்ளிக்கூடத்திலிருந்து அங்கே கூட்டிப் போனார்கள். மற்ற பிள்ளைகள் கப்பலுக்குள் போய்ச் சாப்பிட, இவள் ஒரு டீச்சரோடு பஸ்ஸில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்தவள் சறுக்குமரத்தைப் பற்றிப் பேசவில்லை, அலைக்குளத்தைப் பற்றிப் பேசவில்லை.

"உள்ளே ஜன்னலெல்லாம் வட்டமா இருக்குமாம்மா. பிள்ளைங்களுக்குத் தட்டு வரும்போது மணி அடிப்பாங்களாம். எனக்கு ஒரு தடவை அதுல உட்கார்ந்து, அவங்க தட்டுல சாப்பிடணும்."

அவள் எதையும் கேட்கிற பிள்ளை இல்லை. பார்க்கலாம் என்றேன். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் நடக்காது என்று பொருள், அது அவளுக்கும் தெரியும். மறுநாள் பூங்காவுக்கு போன் செய்து கேட்டேன். எடுத்த பையன், "ஒந்நும் பேடிக்கண்டா மேடம், எல்லாம் ப்யூர் வெஜ்" என்றான். பயப்பட ஒன்றும் இல்லையாம், எல்லாம் சைவமாம். முந்திரி என்ன மீனா? பட்டென்று வைத்துவிட்டேன்.

பெரிய லீவில் மதினி வந்தபோது என் கணவர் எல்லோருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டார். டப்பா கூடவே வரும், கப்பலுக்குள் போய்க் கேட்போம், நமக்குச் சரிப்படாது என்று தெரிந்தால் டப்பாதான் என்று நான் கறாராகச் சொன்னேன். சரி என்றாள். வாசலில் பையைச் சோதித்தவர்கள் வெளிச் சாப்பாடு கூடாது என்றார்கள். ஊசி மருந்தைக் காட்டியதும் டப்பாவையும் விட்டுவிட்டார்கள். சண்டைக்குத் தயாராகப் போயிருந்த எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மத்தியானம் ஈரத்தலையோடு கப்பலுக்குள் போய் உட்கார்ந்தோம். ஜன்னல்கள் வட்டமாகத்தான் இருந்தன. ஆர்டர் எடுக்க வந்த பெண் தலையில் சிவப்புத் துணியும் ஒரு கண்ணில் கறுப்புப் பட்டையுமாக வந்து நின்றார். மதினி தனக்கு வெஜிடபிள் பிரியாணி சொன்னார். என் கணவர் எங்கள் இருவருக்கும் சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் இருந்த அக்காவைப் பார்த்தார். அக்கா முன்னால் வேறு என்ன சொல்ல முடியும்? பந்தி பந்தியாகப் பழகிய நாக்கு தானாகவே திரும்பியது.

"மோளுக்கு முந்திரி வேண்டா. நேர்ச்சயா" என்றார்.

அந்தப் பெண்ணின் முகத்தில் உடனே ஒரு பணிவு வந்தது. "நேர்ச்சயாணோ? எங்கில் குழப்பமில்லா சாரே. மேலே இடுந்நது மாற்றித் தராம்."

மேலே தூவுகிற பருப்பை எடுத்துவிட்டுத் தருகிறாராம். நேர்ச்சைக்கு அது போதும். குருமாவுக்குள் அரைத்துக் கிடப்பதை முருகன் கண்டுகொள்ள மாட்டார், ஆனால் என் மகளின் தொண்டை கண்டுகொள்ளும். என் கணவருக்கும் அது அப்போதுதான் உறைத்தது. நான் அவரை எரித்துவிடுவது போலப் பார்த்து வாயைத் திறப்பதற்குள், மகள் மெனு அட்டையைக் கீழே வைத்தாள்.

"சேச்சி, நேர்ச்சயல்லா. எனிக்கு அலர்ஜியாணு. அரச்சதாயாலும் ஸ்வாசம் முட்டும். பின்னே ஆஸ்பத்திரியில் போகேண்டி வரும்."

அரைத்துப் போட்டாலும் மூச்சு முட்டும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குப் பதில் சொல்கிற குரலில் சொன்னாள். கூச்சம் இல்லை, கெஞ்சல் இல்லை. இவ்வளவு வருஷம் நான் கோபத்தோடு மட்டுமே சொல்லத் தெரிந்திருந்த விஷயத்தை அவள் சாதாரணமாகச் சொன்னாள். எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது.

அந்தப் பெண் கண்ணில் இருந்த பட்டையை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். எதையும் எழுதவில்லை. அடுக்களையில் கேட்டுவிட்டு வருகிறேன், அதுவரை எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போனார்.

மதினி தம்பியைப் பார்த்தார்.

"அப்போ நேர்ச்சை இல்லியா?"

என் கணவர் தண்ணீர் டம்ளருக்குள் எதையோ தேடினார்.

"சாமி பேரைச் சொல்லி எங்கிட்ட பொய்யாலே சொன்னிய?" மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் பதில் சொல்லத் தயாரானேன். நல்லவேளை, அதற்கும் மகளே முந்திக்கொண்டாள்.

"அத்தை, அன்னைக்குக் கல்யாணத்துல அம்மா முதல்ல டாக்டர் சொன்னதத்தான் சொன்னா. ஒத்தப் பருப்புல என்ன வரும்னு நீங்க கேட்டீங்க. நேர்ச்சைன்னு சொன்ன பெறவுதான் நிறுத்தினீங்க."

அதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். மதினி வட்ட ஜன்னல் வழியாக வெளியே பார்க்கத் தொடங்கினார்.

சமையலறைத் தலைவி வந்தார். நாற்பது வயதிருக்கும், அவர் தலையிலும் கொள்ளைக்காரத் துணி. எங்கள் யாரையும் பார்க்காமல் நாற்காலியை இழுத்து மகளுக்கு எதிரே உட்கார்ந்து, என்னென்ன ஆகாது என்று அவளிடமே கேட்டார். முந்திரியும் பிஸ்தாவும் ஆகாது, தேங்காய் சாப்பிடலாம், மற்ற எல்லாம் சாப்பிடலாம் என்றாள்.

"மோளே, ஞான் நொண பறயில்லா" என்றார் அவர். பொய் சொல்ல மாட்டேன் என்று தொடங்கியவர், மெனுவில் இருக்கிற எதையும் உனக்குத் தர முடியாது என்று சொன்னார். முந்திரி வறுத்த நெய்தான் எல்லாவற்றிலும் போகிறது, ஃப்ரைடு ரைஸ் கிண்டுவதும் அதே சட்டியில்தான்.

ஒன்றும் ஆகாது என்று சொன்னவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்ன ஒரு சமையல்காரரை அன்றுதான் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. ஆனால் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். காலடியில் இருந்த பையை எடுத்து, டப்பாவை வெளியே எடுக்கத் தொடங்கினாள்.

"நில்லு, நில்லு. தீர்ந்நில்லா" என்றார் தலைவி. இன்னும் முடியவில்லை. வேலை செய்கிறவர்களுக்கென்று பின்னால் தனி அடுப்பில் தனியாகச் சமைக்கிறார்களாம். சிவப்பரிசிச் சோறு, மோர்க்கறி, பயறு. நெய் கிடையாது, தாளிப்பது தேங்காய் எண்ணெயில். "ஞங்கள்க்கு ஆரு முந்திரி இடும்?" என்று சிரித்தார். அம்மா வேண்டுமானால் வந்து பார்க்கட்டும் என்றார்.

போய்ப் பார்த்தேன். மாமியார் போல ஒவ்வொரு மூடியாகத் திறக்கச் சொன்னேன். குறுக்குக் கேள்வி கேட்டேன். அவர் ஒன்றுக்கும் சலித்துக்கொள்ளவில்லை. கையை மறுபடி கழுவினார், கரண்டியைக் கழுவினார், தட்டைக் கழுவினார், கழுவிய சட்டியில் புது எண்ணெய் பாக்கெட்டை வெட்டி ஊற்றிப் பப்படம் பொரித்தார். மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி, வேறு யார் கையிலும் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். நான் பின்னால் போனேன். எனக்குத் திட்டுவதற்கு யாருமே கிடைக்காத நாள் அது.

கப்பல் மணி அடித்தது. கண்பட்டைப் பெண்தான் அடித்தார், கொஞ்சம் அதிகமாகவே அடித்தார். மகள் முன்னால் தட்டு இறங்கியது. "இது எனக்கா?" என்று கேட்டாள். அவளுக்குத்தான் என்று தெரிந்தும் கேட்டாள். பப்படத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டாள். முதல் கவளத்தை வாயில் வைத்ததும் நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது சிரித்துக்கொண்டிருந்தது.

எங்கள் சாப்பாடும் வந்துவிட்டது. மதினி பிரியாணியைப் பிசைந்துகொண்டிருந்தார். பிள்ளை ரசித்துச் சாப்பிடுவதைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை போலிருக்கிறது. தன் தட்டிலிருந்து ஒரு கவளம் உருட்டி, "இந்தா மக்கா" என்று கையை நீட்டிவிட்டார். நான் பதறி எழுந்தேன். அதற்குள் அந்தக் கை பாதி வழியில் தானாகவே நின்றது. மதினி தன் விரல்களைப் பார்த்தார். நெய் மின்னியது.

கவளத்தைத் தன் தட்டில் போட்டுவிட்டு எழுந்து போனார். கைகழுவும் இடத்தில் அவர் வெகுநேரம் நிற்பது தெரிந்தது. சோப்பை முழங்கை வரை தேய்த்துக் கழுவினார், மறுபடி தேய்த்துக் கழுவினார். ஈரக் கையை எதிலும் துடைக்காமல், யார் மேலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். மகளின் நாற்காலியருகே நின்று, அவளுடைய தட்டிலிருந்தே சோற்றை எடுத்து, மோர்க்கறியில் நன்றாகப் பிசைந்தார்.

"இப்போ தரலாமா?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை. அவளைக் கேட்டார்.

தரலாம் என்று அவள் வாயைத் திறந்தாள். பிறந்ததிலிருந்து அத்தை கையால் அவள் வாங்கிச் சாப்பிட்ட முதல் கவளம் அதுதான்.