அட்டைக்குக் காட்டிய தண்ணீர்

பிச்சைமுத்து அண்ணன் புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலைக்கு ஜாகா, காவல்காரர். அதற்கு முன் டுரியான் துங்கால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் பால்மரம் சீவியவர். தோட்டத்தை விற்றபோது தாமான் குடியிருப்பு வீட்டுக்கு அவரோடு வந்த ஒரே உயிர், டைகர். தொண்ணூற்றாறில் அந்த நாயின் இடது மூக்கில் ரத்தம் வடிய ஆரம்பித்தது.

தோட்டத்து ஆளுக்கு இதில் சந்தேகமே வராது. மூக்குக்குள் அட்டை ஏறிவிட்டது. நாயைத் தாகத்தில் போட்டுப் பிறகு மூக்கடியில் தண்ணீரைக் காட்டினால் அட்டை தானாக இறங்கும். ஒரு மாதம் இதைத்தான் செய்தார். பகல் முழுக்கத் தண்ணீர் கிடையாது. சாயங்காலம் கிண்ணத்தை நீட்டுவார். நாய் எட்டினால் பின்னால் இழுப்பார். இருட்டிய பிறகே குடிக்க விடுவார். முகம் ஒரு பக்கம் புடைத்த பிறகுதான் எங்கள் மிருக கிளினிக்குக்கு வந்தார். நான் அங்கே உதவியாள். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை டைகருக்கு மயக்க ஊசி போட்டோம். நான் வாயைப் பிளந்து படத்தகட்டை நாக்கின் மேல் வைத்தேன். டாக்டர் பவானேஸ்வரி மேலிருந்து எக்ஸ்ரே எடுத்தார். ஈரம் காயாத படத்தை ஒளிப்பெட்டியில் மாட்டி அண்ணனைக் கூப்பிட்டார். வலது மூக்கில் மெல்லிய எலும்புக் கோடுகள் வரிவரியாக இருந்தன. இடது பக்கம் கோடே இல்லை, வெறும் வெள்ளை மூட்டம்.

“அட்டை இல்லையா டாக்டர்?”

“இல்ல அங்கிள். கட்டி. எலும்பையே அரிச்சிருக்கு.”

சதையை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினால் உறுதியாகும், ஆனால் தனக்குப் பெரிய சந்தேகமில்லை என்றார். அதற்கான வைத்தியம் எங்கள் பக்கத்தில் அப்போது கிடையாது. எழுப்பினால் சில மாதம் மூச்சுக்குத் தவிக்கும். இல்லையென்றால் இந்தத் தூக்கத்திலேயே அனுப்பிவிடலாம். மயக்கம் தெளியப் பத்து நிமிடம்தான் இருந்தது.

அண்ணன் கதவுவரை போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். வெளியேறவும் முடியவில்லை, மேசையைப் பார்க்கவும் முடியவில்லை.

“மயக்கத்துக்குன்னு நீங்க சொன்னபடி ராத்திரிலேர்ந்து சொட்டுத் தண்ணி குடுக்கல,” என்றார் என்னிடம். “எழுப்பச் சொல்லு தம்பி. தாகத்தோட அனுப்ப மாட்டேன்.”

என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

மதியம் டைகர் எழுந்து நின்றது. அண்ணன் தரையில் உட்கார்ந்து கிண்ணத்தைப் பிடித்தார். ரத்தம் சொட்டித் தண்ணீர் சிவந்தது, நாய் நிறுத்தவில்லை. அவரும் கிண்ணத்தை இழுக்கவில்லை. மூன்றாவது கிண்ணம் காலியானதும் டாக்டரைப் பார்த்து, இனி அனுப்பலாம் என்று தலையசைத்தார்.