குணம் அண்ணை சொன்னபோது

திங்கட்கிழமை காலை, தொழிற்சாலைத் தேநீர் இடைவேளையில் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். மகனிடமிருந்து செய்தி ஏதும் உண்டா என்று கேட்கத்தான். "குணம் அண்ணை மோசம் போயிட்டாராம். நெஞ்சுநோவில உயிர் போயிட்டுதாம்" என்றாள் மனைவி.

அவரை உங்களுக்குத் தெரியும். கனடாவில், இந்த ஸ்காபரோவில் நம்மில் பலருக்குக் கார் ஓட்டப் பழக்கியவர். பகல் முழுவதும் தெருவில் திரிந்ததால், பள்ளிக்கூட நேரத்தில் எந்தப் பிள்ளை எந்த மோல் கடைத்தொகுதியில் யாரோடு நிற்கிறது என்பதைக் கண்டுவிடுவார். மற்றவர்களும் காண்பார்கள். நம் ஆட்கள் அதை ஊர் முழுக்கச் சொல்வார்கள், பெற்றவருக்கு மட்டும் சொல்லமாட்டார்கள். குணம் அண்ணை பெற்றவருக்கு மட்டுமே சொன்னார். அதற்காக, கார் பழகப் போகும் முதல் நாளே நம்மிடம் ஒரு வாக்கு வாங்குவார்: "பிள்ளையைப் பற்றிச் சொன்னா என்னோட கோவிக்கக் கூடாது."

நானும் சிரித்துக்கொண்டே வாக்குக் கொடுத்தேன். ஊரில் பட்டதாரி ஆசிரியர் நான். என் பிள்ளையைப் பற்றி இவர் சொல்ல என்ன இருக்கிறது?

அஜின்கோர்ட்டில் ஒரு தாய், மகள் வெளியே போவதே இல்லை, எந்நேரமும் அறைக்குள் கொம்பியூட்டரோடுதான் என்று அவரிடம் பெருமைப்பட்டார். "கதவு திறக்காமலே ஆக்கள் வந்து போற பெட்டி தங்கச்சி உது. என்ர காரும் அதுக்குள்ள போகாது. தூக்கி எல்லாரும் இருக்கிற ஹோலில வையுங்கோ" என்றார் இவர். அந்தத் தாய் அடுத்த கிழமையே வேறொருவரிடம் கார் பழகப் போய்விட்டார்.

என் முறையும் வந்தது. காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, என்ஜினை அணைத்து, திறப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மாஸ்டர், உங்கட மகனை மூண்டு தரம் கண்டிட்டன். கஞ்சாவெண்டா நான் இப்பிடிப் பயப்பிடமாட்டன். இது ஊசி போடுற கூட்டம். இண்டைக்கே கதையுங்கோ. அடியாதேங்கோ."

"நீர் உம்மட வேலையைப் பாரும்" என்று இறங்கி நடந்தேன். வீட்டுக்கு வந்து மகனிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டால் குணம் அண்ணை வென்றதாகிவிடும் என்று நினைத்தேன்.

ஏழு மாதம் கழித்து மகன் வீட்டைவிட்டுப் போனான். வளர்ந்தவனைப் பிடித்து வந்து தர முடியாது என்கிறார்கள் பொலிஸ்காரர்கள்.

அதற்குப் பிறகு எனக்குத் தொலைபேசி எடுத்தவர் அவர் ஒருவர்தான். "மாஸ்டர், இண்டைக்குக் கிங்ஸ்டன் றோட்டுப் பக்கம் பாத்தன், இல்லை. நாளைக்கு மற்றப் பக்கம் போறன்." ஒருநாள்கூட "நான் அப்பவே சொன்னன்" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரை வெறுக்க எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

நேற்று இறுதிச் சடங்கில், அவரைக் கோள்மூட்டி என்று திட்டியவர்கள் மலர்வளையங்களோடு வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் நானும் நின்றேன். அங்கே ஒரு தகப்பனைக் கண்டேன். என் மகனைத் தேடித் திரிந்தபோது அதே கூட்டத்தில் அவருடைய மகனையும் பார்த்திருக்கிறேன். வெளியே கூட்டிப்போய்ச் சொன்னேன்.

"முதல்ல உம்மட பெடியனைப் போய்த் தேடும்" என்றார்.

நியாயமான பதில்தான். நான் விலகிப் போகவில்லை. மீண்டும், முதலிலிருந்து சொன்னேன். திட்டு வாங்கிய பிறகும் அந்த இடத்தில் நிற்பதைத்தான் குணம் அண்ணையிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். அந்தத் தகப்பனின் மகன் இன்னும் வீட்டுக்குச் சாப்பிட வருகிறான்.