ஒலே நின்றபோது

எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன்!

"தெரியாமற் செய்துவிட்டான், பாவம்" என்று அன்றைக்கு எல்லோரும் எனக்காக இரங்கினார்கள். நீங்களாவது இரங்காதீர்கள்.

எண்பதுகளின் நடுவில் டென்மார்க்குக்கு அகதியாக வந்தவன் நான். ஹேர்னிங்கில் ஒரு துணி ஆலையில் வேலை. பக்கத்து இயந்திரத்தில் நின்றவர் ஒலே. நாற்பதை நெருங்கிய மனிதர். சைக்கிள் பந்தயமென்றால் பைத்தியம். யாழ்ப்பாணத்தில் நானும் பந்தயம் ஓடியவனென்று அறிந்ததும் தன் பழைய சைக்கிளைத் தந்து, ஞாயிறுதோறும் கூட்டிக்கொண்டு திரிந்தார். அணியாக ஓடுவதை அவரிடந்தான் கற்றேன். பக்கக் காற்று அடித்தால் ஒருவர் மறைவில் மற்றவராகச் சாய்வரிசை கட்டுவது, முன்னால் நின்று களைத்தவர் பின்னால் நழுவுவது... எல்லாம்.

இன்னுமொன்றும் சொல்லித்தந்தார். பல நாட் பந்தயத்தில், அதுவரை ஓடிய மொத்த நேரத்தில் முதலாவதாக நிற்பவனுக்கு மஞ்சள் பெனியன். அவன் சலங்கழிக்க இறங்கினால் ஒருவரும் வேகத்தைக் கூட்டக் கூடாது. அவன் வந்து சேருமட்டும் மெல்லப் போகவேண்டும். "இது விதியில் இல்லை. ஆனால் இதை மீறுகிறவனோடு ஒருவரும் ஓடமாட்டார்கள்" என்றார்.

அந்தக் கோடையில் எங்கள் யூலாந்துப் பகுதியில் நான்கு நாட் பந்தயம். ஒலே ஆலை அணியில். எனக்கு இடம் கிடைத்தது கிரின்ஸ்டெட் ஊர் அணியில். மூன்றாம் நாள் முடிவில் மஞ்சள் பெனியன் ஒலேயிடம்! இத்தனை வருட ஓட்டத்தில் முதல் தடவை. இதோடு பந்தயத்தை விடப் போவதாகச் சொல்லிச் சிரித்தார். இரண்டாமிடத்தில் நான்.

கடைசி நாள், விபோர்க்கிலிருந்து கிரின்ஸ்டெட்டுக்கு. பாதி வழியில் ஒலே கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வீதியோரம் இறங்கினார். அவருடைய அணிக்காரரும் அவருக்காகத் தங்கினார்கள். மற்றவர்கள் மிதிப்பதைக் குறைத்தார்கள். முன்னால் மரமில்லாத வெளி, மேற்கிலிருந்து நல்ல பக்கக் காற்று...

ஏன் மிதித்தேன்? முகாமில், ஆலையில், கடையில், என்னைக் கண்டவரெல்லாம் அகதியென்றே கண்டார்கள். ஒரு நாளாவது வென்றவனாகப் பார்க்கட்டுமே என்று ஏங்கினேன். அதற்கு அந்த மனிதரின் நாள்தானா அகப்பட்டது?

மிதித்தேன்! எங்கள் அணிப் பயிற்றுநர் சொல்லித்தான் போகிறேன் என்று நினைத்து என் அணிக்காரரும் பின்னால் வந்து சாய்வரிசை கட்டினார்கள். அந்த மறைவில் இடம் கிடைக்காதவர்கள் காற்றில் பின்தங்க, கூட்டம் துண்டு துண்டாகச் சிதறியது. ஒலே எங்களைப் பிடிக்கவேயில்லை.

முடிவுக்கோட்டில் ஒரே ஏச்சும் கூச்சலும். ஒருவன் என் காலடியில் துப்பினான். என் அரைகுறை டெனிஷ் போதாதென்று பந்தயப் பொறுப்பாளர், பார்க்க வந்திருந்த எங்கள் ஊர்க்காரர் சிவம் அண்ணையை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார். அண்ணை என் தோளைப் பிடித்தார்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. அந்தாள் இறங்கினா மெல்லப் போகோணுமெண்டு உனக்குத் தெரியுமோ?"

ஒலே சற்றுத் தள்ளி நின்றார், முகமெல்லாம் புழுதியாக. அவர் ஒரு சொல் சொன்னால் என் கதை முடிந்தது.

"சத்தியமாத் தெரியாதண்ணை."

அண்ணை அதை டெனிஷில் சொன்னார். கோபித்த முகங்கள் ஒவ்வொன்றாக இளகின. புதிதாக வந்தவன், அகதி, பாவம்... எந்தச் சொல்லை உதறத் துடித்தேனோ அதற்குள்ளேயே போய் ஒளிந்தேன், சீ! எழுதப்பட்ட விதி இல்லையாதலால் வெற்றி எனக்கே என்றார்கள். ஒலே என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மஞ்சள் பெனியனைக் கழற்றி அவரே என்னிடம் நீட்டினார். வியர்வையில் அது இன்னும் ஈரமாக இருந்தது.

திங்கட்கிழமை பக்கத்து இயந்திரத்தில் வழமைபோல வணக்கம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கூப்பிடவில்லை. சில வாரம் பொறுத்து, கோப்பி நேரத்தில் நாங்கள் இருவருந்தான் இருந்தோம்.

"ஒலே, அன்றைக்கு..." என்று தொடங்கினேன்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"உனக்குத் தெரியாதுதானே?"

கோபமில்லை அந்தக் குரலில், கேலியுமில்லை. கேட்டார், அவ்வளவுதான். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பொறுப்பாளரில்லை, கூட்டமில்லை, துப்புகிறவனுமில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

"தெரியாது" என்றேன்... சொல்லித்தந்தவரிடமே!

ஒலே மெல்லத் தலையாட்டினார். கோப்பியைக் குடித்து முடிக்காமலே எழுந்து போய்விட்டார்.