பூசையில் மாட்டிய துப்பாக்கி

கொல்லிமலையில் எனக்குத் தோட்டக்கலைத் துறை வேலை. மிளகுக் கன்று கொடுப்பது, பலாவில் நோய் கண்டால் போய்ப் பார்ப்பது, மானியத்துக்கு மனு வாங்குவது என்று நாள் ஓடும். இந்த வேலையில் இருப்பவளுக்குத் துப்பாக்கி எப்படி வந்தது என்று கேட்பவர்களிடம், மகள் விட்டுப்போனது என்பேன். அவள் பள்ளியில் படித்தபோது ஒரு கோடை விடுமுறையில் துப்பாக்கி சுடும் பயிற்சியில் சேர்த்துவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பேன். சும்மா இருக்கிறீர்களே, ஒருமுறை சுட்டுப் பாருங்கள் என்றார் பயிற்சியாளர். மகள் பத்தே நாளில் சலித்துப்போய் விட்டுவிட்டாள். நான் விடவில்லை.

இரண்டு வளையலை விற்றுத்தான் சொந்தமாக ஒன்று வாங்கினேன். கல்யாண வீடுகளில் யாராவது என் வெறுங்கையைப் பார்த்து விசாரித்தால், "வளையல் பெட்டிக்குள்ள இருக்குதுங்க, பத்து மீட்டர் தூரம் சுடும்" என்று என் கணவர் முந்திக்கொண்டு பதில் சொல்வார்.

இது காற்றுத் துப்பாக்கி. வெடிமருந்து கிடையாது. அடியில் ஒரு காற்று உருளை இருக்கும், அதிலிருந்து வரும் காற்று, பயறு அளவு ஈயக் குண்டைத் தள்ளும். என்னுடையதன் வேகத்துக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டியில் பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கும் காகிதத்தைச் சுட வேண்டும், அவ்வளவுதான். மலையில் இதை யாரும் நம்பத் தயாராக இல்லை. மிளகுக் கன்று வாங்க வருகிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க மேடம், பலாவுல குரங்கு உக்காந்துட்டு இறங்க மாட்டீங்குது, ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா" என்பார்கள். நான் காகிதத்தைத்தான் சுடுவேன் என்று சொன்னால், என்னமோ உதவி செய்ய மனமில்லாதவள் என்பது மாதிரிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இனி வெட்கப்படாமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாநிலப் போட்டிக்குப் போக ஒரு தகுதி மதிப்பெண் உண்டு. இரண்டு வருடம் தொடர்ந்து ஒரே ஒரு புள்ளியில் அதைத் தவறவிட்டேன். இரண்டு தடவையும் கடைசிக் குண்டுதான் காரணம். முன்னால் முடித்தவர்கள் எல்லாம் பின்னால் வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். முதுகில் அத்தனை கண் இருக்கிறது என்று தெரிந்ததும் என் கை நடுங்கும். ஊழியர் குடியிருப்புக்குப் பின்னால் நாற்றுப்பை அடுக்கி வைக்கும் கொட்டகையில் தனியாகச் சுடும்போது வராத நடுக்கம், நாலு பேர் பார்த்தால் வந்துவிடும். மூன்றாவது வருடமும் தவறினால் துப்பாக்கியை விற்றுவிட்டு வளையலைத் திரும்ப வாங்குவதாகக் கணவரிடம் சொல்லியிருந்தேன். சொன்னேனே தவிர, விற்க எனக்கு மனமே இல்லை.

அந்த மூன்றாவது வருடம், போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது துப்பாக்கியில் காற்று கசிய ஆரம்பித்தது. பழுது பார்ப்பவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். அலுவலகத்திலோ ஆய்வு நடக்கிற நேரம், விடுப்பு என்ற வார்த்தையையே எடுக்க முடியாது. பார்சலில் அனுப்பிவிடுங்கள், நான் சரிசெய்து பார்சலிலேயே திருப்பி அனுப்புகிறேன் என்றார் அவர். ஏதோ முறுக்கு அனுப்புவது மாதிரிச் சொன்னார்.

முதலில் மலைமேலேயே இருக்கும் கூரியர் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண், உள்ளே என்ன என்று கேட்டு, நான் சொன்னதைக் கணினியில் தட்டினாள். கணினி ஏற்கவில்லை. இன்னொரு விதமாகத் தட்டினாள். அதற்கும் இறங்கி வரவில்லை.

"வீட்டு உபயோகப் பொருள்னு போட்டுடட்டுங்களா மேடம்?"

"எந்த ஊட்டுலம்மா இத உபயோகப்படுத்தறாங்க?" என்றேன்.

பொய் எழுதி அனுப்ப எனக்கு மனம் வராது. பிறருடைய மனுவில் ஒரு சர்வே எண் தப்பாக இருந்தாலே திருப்பி அனுப்புகிறவள் நான். உள்ளதை உள்ளபடி எழுதி, அதை ஒருவர் ஏற்றுக்கொண்டு ரசீது கொடுத்தால்தான் அனுப்புவேன் என்று வீம்பு பிடித்தேன். சனிக்கிழமை காற்று உருளையைக் காலி செய்து பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, அந்த நீளப் பெட்டியை மடியில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கினேன். பக்கத்தில் இருந்த அம்மா, வீணைங்களா என்று கேட்டார். துப்பாக்கி என்றேன். அடுத்த வளைவில் அவர் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்.

காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு லாரி பார்சல் ஆபீஸ். கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். அவர் மூட்டை ஏற்றி இறக்குவதைப் பார்ப்பார். அந்த அம்மா மேசையில் உட்கார்ந்து பில் போடுவார். பெட்டிக்குள் என்ன என்று சொன்னதும் ஆபீஸ்காரர் நாற்காலியோடு ஒரு அடி பின்னால் போனார்.

"அய்யோ சாமி, நமக்கு எதுக்குங்க அந்த வம்பு? ஸ்டேசன்ல ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துருங்க, ஏத்திக்கலாம்."

ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்தார், ரசீதைப் பார்த்தார், என் அடையாள அட்டையைப் பார்த்தார். "இதுக்கு லைசென்ஸ் வேண்டாங்க மேடம். தாராளமா அனுப்பிக்கலாம்" என்றார்.

"அத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"வேணுங்கறதுக்குத்தானுங்க பேப்பர் குடுப்போம். வேண்டாங்கறதுக்கு எப்படிக் குடுக்கறது?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. என் அலுவலகத்தில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் பதினெட்டு வருடம் அரசு வேலை பார்த்தவளுக்கு இன்னொரு வழியும் தெரியும். ஒரு வெள்ளைத்தாளில், இன்ன துப்பாக்கியை இன்ன ஊருக்குப் பழுது பார்க்க அனுப்புகிறேன், இது தங்கள் தகவலுக்காக என்று நானே எழுதிக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாக ஒரு முத்திரை கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் குத்திக் கொடுத்தார். அந்த நகலைக் கொண்டுபோய்ப் பார்சல் ஆபீஸில் நீட்டினேன். ஆபீஸ்காரர் எழுத்தைப் படிக்கவே இல்லை. ஊதா முத்திரையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், முகம் தெளிந்தது. அந்த அம்மா பில்லில் 'காற்றுத் துப்பாக்கி, ஒன்று' என்று குண்டு குண்டாக எழுதினார். அந்த ரசீதை மடித்துப் பையில் வைத்தபோது எனக்கு அப்படி ஒரு திருப்தி.

போன துப்பாக்கி திரும்ப வருவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. ஒரு ரப்பர் வளையம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று பழுது பார்ப்பவர் இழுத்தார். அந்த வருடம் விடுமுறைக்குத் தோதாகப் போட்டியை விஜயதசமி அன்று சேலத்தில் வைத்திருந்தார்கள். பெட்டி அங்கிருந்து கிளம்பியதே போட்டிக்கு மூன்று நாள் முன்புதான். ஆயுத பூஜை அன்று காலையில் பார்சல் ஆபீஸிலிருந்து போன். வந்துவிட்டது என்று சொன்ன குரலில் ஒரு பெருமிதம் இருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்து இறங்கினேன்.

ஆபீஸ் வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. உள்ளே சுவரோரம் வாழையிலை விரித்து, எடை மெஷின், கைவண்டி, மூட்டை தூக்கும் கொக்கி, டேப், பில் புத்தகம், பேனா என்று எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் நடுவில், ஒரு ஸ்டூலின் மேல், மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமந்தி மாலை போட்டு என் பெட்டி. சீல் உடையவில்லை, அதில் மட்டும் குறை சொல்ல முடியாது.

"பூசையில வெச்சுட்டனுங்க மேடம்" என்றார் ஆபீஸ்காரர். "வருசா வருசம் தராசையும் கொக்கியையும்தான் கும்புடறோம். இந்த வருசம் நம்ம ஆபீசுக்கு இப்படி ஒண்ணு வந்திருக்கறப்ப, அத மூலையில போட்டுட்டு எப்படிங்க தேங்கா ஒடைக்கறது?"

"ரொம்ப சந்தோசங்க. குடுங்க, நான் கெளம்பறேன்."

அவர் முகம் மாறிவிட்டது. "பூசையில வெச்சத இன்னிக்குத் தொடக் கூடாதுங்களே. நாளைக்குக் காலையில மறுபூசை போட்டுத்தான் எடுக்கோணும்."

நாளைக் காலை எட்டு மணிக்கு நான் சேலத்தில் சுட வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு முந்திய சாயங்காலமே துப்பாக்கியைப் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். இதையெல்லாம் சொன்னேன். கத்தினேன் என்பதுதான் உண்மை. ஒரு மாதம் முன்பு இந்தப் பெட்டியைத் தொட மாட்டேன் என்றவர் இப்போது விட மாட்டேன் என்கிறாரே என்று ஆத்திரமாக வந்தது. பெட்டி என்னுடையது, கை நீட்டினால் எடுத்துவிடலாம். ஆனால் நானும் நாமக்கல் பக்கத்து விவசாய வீட்டுப் பெண்தான். ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டு மண்வெட்டியை யாராவது எடுத்திருந்தால் என் அப்பா அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டார். நீட்டிய கை மாலைக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

அதுவரை பொரியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த அந்த அம்மா எழுந்துபோய், சுவரில் தொங்கிய தினசரி காலண்டரை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"ஏனுங்க, நவமி ரெண்டு மணி வரைக்குந்தான் போட்டிருக்குது. அப்புறம் தசமிதான். தசமி வந்துட்டா மறுபூசை போட்டா என்னங்கறேன்?"

"ஊரே நாளைக்குத்தான எடுக்குது?"

"ஊருக்கு நாளைக்கு சேலத்துல போட்டியா இருக்குது?"

அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு இரண்டு நிபந்தனை போட்டார். பூசையில் ஒன்றை மட்டும் எழுப்பக் கூடாது, எடுத்தால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். எடுத்த ஒவ்வொன்றும் அங்கேயே ஒரு தடவையாவது அதனதன் வேலையைச் செய்துவிட வேண்டும். சரி என்றேன். எதற்குச் சரி என்கிறேன் என்று எனக்கே புரியவில்லை.

இரண்டு மணி தாண்டியதும் கற்பூரம் காட்டினார். எடை மெஷினில் ஒரு பூசணிக்காயை நிறுத்தார்கள். கொக்கியால் ஒரு மூட்டையைத் தூக்கிக் கைவண்டியில் வைத்து வாசல்வரை தள்ளிக்கொண்டு போய்வந்தார்கள். டேப்பால் அந்த அம்மா மேசையை அளந்தார், பேனாவால் பில் புத்தகத்தில் பிள்ளையார் சுழி போட்டார். அதற்குப் பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சுமை தூக்குபவர்கள், இரண்டு லாரி டிரைவர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் என்று பதினைந்து பேர் இருப்பார்கள்.

பெட்டியைத் திறந்தேன். உருளையில் காற்று இல்லை, குழலில் குண்டு இல்லை என்று இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டேன். வெறுமனே விசையை அழுத்திப் பழகுவதற்கு அதில் வசதி உண்டு. ஆளில்லாத பக்கத்துச் சுவரை ஒட்டி அடுக்கியிருந்த ஜவ்வரிசி மூட்டைகளைக் காட்டி, அதைக் குறிபார்க்கிறேன் என்றேன். குறி இல்லாமல் எப்படி என்று ஒருவர் போய், ஒரு மூட்டையின் நடுவில் விரலால் குங்குமப் பொட்டு வைத்துவிட்டு வந்தார்.

தோளில் ஏற்றிக் கன்னத்தை வைத்தேன். முதுகுக்குப் பின்னால் பதினைந்து பேர். இதோ இப்போது நடுங்கும், இதோ இப்போது என்று காத்திருந்தேன். நடுங்கவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தால், எல்லாரும் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் நான் எத்தனை புள்ளி எடுப்பேன் என்று எண்ணவில்லை, நல்லபடியாக நடக்கட்டும் என்று நிற்கிறார்கள். மூச்சு தானாக அடங்கியது. பொட்டு அசையாமல் நின்றது. விசையை அழுத்தினேன். 'டிக்' என்றது.

பிறகு அந்த அம்மா கேட்டார்: "அவ்வளவுதானுங்களா?"

நான் சிரித்த சிரிப்பில் துப்பாக்கியைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. மடியில் ஒரு பொட்டலம் பொரியையும் பூட்டில் குங்குமத்தோடு இருந்த பெட்டியையும் வைத்துக்கொண்டு சேலம் பஸ் ஏறினேன். சாயங்காலப் பரிசோதனையில் விரலில் சிவப்பு ஒட்டிய அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பூசைங்க என்றேன். விரலைத் துடைத்துக்கொண்டு சரி என்று முத்திரை குத்தினார்.

மறுநாள் கடைசிக் குண்டுக்கு முன்னால் கணக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் போட்டேன். பத்து வேண்டும், ஒன்பது வந்தால் போன வருடத்துக் கதைதான். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது, வந்து நிற்கிறார்கள். கட்டைவிரல் நடுங்க ஆரம்பித்தது. அப்போது எங்கிருந்தோ அந்தக் குரல், "அவ்வளவுதானுங்களா?" என்றது. உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது. நடுக்கம் போன இடம் தெரியவில்லை. சுட்டேன். பத்து. தகுதிக்கு வேண்டிய புள்ளி அப்படியே இருந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு துப்பாக்கியில் ஒரு பழுதும் வரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் முன்னால் அதைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடுகிறேன். ஸ்டேஷனில் நகலை நீட்டுவதற்குள் முத்திரையை எடுத்துவிடுகிறார்கள். பழுது பார்ப்பவர், இதில் ஒன்றுமே இல்லையே என்று முதல் வருடம் போனில் சத்தம் போட்டார். இப்போதெல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்து, பூஜைக்குப் போய்ச் சேருகிற மாதிரி லாரியில் ஏற்றிவிடுகிறார். ஒரு நாள் தாமதமானால் போதும், பார்சல் ஆபீஸ்காரர் எனக்குப் போன் செய்துவிடுவார்: "மேடம், ஸ்டூல் காலியா இருக்குதுங்க."

மறுபூசைக்கு நானும் இறங்கிப் போகிறேன். ஜவ்வரிசி மூட்டையில் பொட்டு வைக்கிறார்கள், கும்பிட்டபடி பின்னால் நிற்கிறார்கள், நான் விசையை அழுத்துகிறேன். அந்த அம்மா தவறாமல் அதையே கேட்கிறார்.

"அவ்வளவுதானுங்க" என்கிறேன்.