முந்நூற்று ஐம்பத்தெட்டாம் நாள் காலை

எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலைக்கு அவன் வந்து சேர்ந்தபோது அவனுக்கு வயது முப்பத்து நான்கு. அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் சிமெண்ட் குடோனில் மூட்டை தூக்கியவன். ஐம்பது கிலோ மூட்டை, நாளைக்கு இருநூறுக்குக் குறையாது. அதனால் இங்கே அவனுக்கு ‘மூட்டை’ என்றே பேர் விழுந்தது. பேர் வைத்தவன் அவனை இந்த வேலைக்குக் கூட்டிவந்த மச்சினன், மனைவியின் தம்பி. ஒல்லியாய், நெடுநெடுவென்று இருப்பான். அவனுக்கு இங்கே பேர் ‘கொக்கு’.

“குனிஞ்சு குனிஞ்சு முதுகே வளைஞ்சு போச்சு மாமா. அங்க வந்தா பைப்பு. நிமிர்ந்து நின்னுதான் தூக்கணும்,” என்று சொல்லித்தான் கொக்கு கூப்பிட்டான்.

“சம்பளம்?”

“குடோன்ல ஒரு மாசம் வாங்குறதை அங்க ஆறு நாள்ல வாங்கலாம்.”

சம்பளம் பற்றிச் சொன்னது உண்மை. மற்றதைக் கொக்கு சொல்லவில்லை. வெட்டவெளிக்கு நடுவே ஓர் இரும்புக் கோபுரம். அதன் மேடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். முப்பது அடி நீளப் பைப் ஒவ்வொன்றாக மேலிருந்து தொங்கிவரும். அதை மார்போடு அணைத்துப் பிடித்து, பூமிக்குள் இறங்கியிருக்கும் பைப்பின் வாயில் பொருத்தி, இரு பக்கமும் சங்கிலியில் தொங்கும் டாங் என்ற இரும்புக் கவ்வியால் இறுக்க வேண்டும். ஒரு ஷிஃப்டில் எண்பது பைப்பாவது இறங்கும். சேறு தலையிலிருந்து பூட்ஸ் வரை வழியும். முதல் மாதம் சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டியைப் பிடிக்க அவன் விரல் மடங்கவில்லை. மூட்டை தூக்கிய உடம்பு என்று நினைத்து வந்தவன், அது வேறு உடம்பு, இது வேறு உடம்பு என்று தெரிந்துகொண்டான்.

அதையெல்லாம் தாங்கிவிட்டான். தாங்க முடியாதது தூரம். மனைவியும் எட்டு வயது மகளும் பதினோரு மணி நேர பஸ் பயணத்துக்கு அப்பால் இருந்தார்கள். வருஷத்துக்கு இரண்டு முறைதான் லீவு. முதல் லீவில் போனபோது மகள் அம்மாவின் பின்னால் நின்றுகொண்டு அவனைப் பார்த்தாள். கிட்டே வருவதற்கு அரை நாள் ஆயிற்று.

முகாமின் வாசலுக்கு எதிரே கம்பெனி எட்டு வீடு கட்டியிருந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, நீலக் கதவு. ஒரு வருஷம் முழுக்க யாருக்கும் காயம் இல்லாமல் வேலை செய்யும் குழுவின் குடும்பஸ்தர்களுக்குத்தான் அந்த வீடுகள் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். வாசலில் குழுவுக்கு ஒரு பலகை. அதில் காயமில்லாத நாட்களின் எண், தகரத் தகடுகளில். மேடைக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவன் தினமும் காலை ஆறு மணிக்குத் தகடு மாற்ற வேண்டும் என்பது அங்கே வழக்கம். கடைசியாக வந்தவன் மூட்டை. அவர்கள் குழுவில் பன்னிரண்டு பேர். அதில் எட்டுப் பேர் கல்யாணமானவர்கள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி எட்டு வீடு.

மனைவி போனில் நலம் விசாரிப்பதை நிறுத்திவிட்டாள். எடுத்ததும், “நம்பர் எவ்வளவு?” என்பாள்.

“முந்நூத்திப் பத்து.”

“சமையலறையில ஜன்னல் இருக்கா?”

“இருக்கு. கிழக்குப் பக்கம்.”

“என் தம்பிக்கு ஒரு மூலையில பாய் போட்டுக் கொடுத்துடலாம். அவனுக்கு யாரு இருக்கா?”

பலகையில் 352 தொங்கிய நாள், பகல் பதினொன்றே கால் மணிக்கு, கொக்கின் இடது கை டாங்குக்கும் பைப்புக்கும் நடுவே அகப்பட்டது. கண் மூடித் திறக்கும் நேரம். கையை உருவிக்கொண்டு கொக்கு சத்தம் போடாமல் அப்படியே உட்கார்ந்தான். மூட்டை அவன் கையுறையைக் கழற்றினான். மோதிர விரலும் சுண்டு விரலும் நசுங்கியிருந்தன. ஒரு நகம் கையுறைக்குள்ளேயே தங்கிவிட்டது.

“டாக்டர்கிட்ட வா,” என்றான் மூட்டை. டாக்டர் அறை இருநூறு அடி தூரம்கூட இல்லை.

“போனா?”

மூட்டை அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான்.

“போனா நாளைக்குப் பலகையில என்ன தொங்கும்? நீயே தொங்கவிடணும் மாமா. அக்காகிட்ட என்ன சொல்லுவ?” கொக்கு பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தான். “என் விரல், என் இஷ்டம். கொக்குக்கு மூக்குதான் முக்கியம்.”

குழுத் தலைவர் ஐம்பத்தாறு வயதுக்காரர். அவருக்கும் அந்த எட்டில் ஒரு வீடு. அவர் இவர்களைப் பார்த்தார். பிறகு பைப்பைப் பார்த்தார். “அவனை ஓரமா சேறு அள்ள விடு,” என்று மட்டும் சொன்னார்.

முதலுதவிப் பெட்டியில் ஒரு துளி பஞ்சு எடுத்தாலும் பதிவேட்டில் பேர் எழுத வேண்டும். ஆகவே அதைத் தொடவில்லை. மூட்டை தன் பனியனைக் கிழித்துக் கட்டினான். சமையல்காரரிடம் பல்வலி என்று சொல்லி நாலு மாத்திரை வாங்கினான். மறுநாள் காலை ஆறு மணிக்கு 353 மாட்டினான். கையுறை எல்லாக் கையையும் ஒரே மாதிரி காட்டியது.

354-ஆம் நாள் மனைவி பேசினாள்.

“நம்பர்?”

“முந்நூத்தி அம்பத்து நாலு.”

“இன்னும் பதினொண்ணு. பாத்திரமெல்லாம் கட்டிட்டேன். தம்பி எப்படி இருக்கான்?”

“இருக்கான்.”

355, 356, 357. கொக்கு சாப்பாட்டைப் பாதியில் வைத்தான். உடம்பு அனலாய்க் கொதித்தது. “வெயில்,” என்றான். குழுவில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவர் கண்ணிலும் ஒரு நீலக் கதவு.

அடுத்த நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கொக்கு கட்டிலில் உட்கார்ந்து கையுறையைப் போடப் பார்த்தான். கை உள்ளே நுழையவில்லை. மணிக்கட்டு வரை வீங்கி, அங்கிருந்து முழங்கையை நோக்கிச் சிவப்பாய் ஒரு கோடு ஏறியிருந்தது. அறையில் ஒரு வாடை. குடோனில் செத்த எலியைத் தேடி மூட்டை மூட்டையாகப் புரட்டிய நாட்களில் அவன் அறிந்த வாடை அது.

“பெரிய சைஸ் கையுறை இருக்கா மாமா?” என்றான் கொக்கு.

மூட்டை எழுந்து வாசலுக்கு நடந்தான். டாக்டரிடம் முதலில் போகவில்லை. போனால் வழியில் யாராவது தோளில் கை வைத்து, இன்னும் ஏழு நாள்தானே என்பார்கள். தன் மனசே சொல்லும். பலகையடியில் தகடுகள் இருந்த பெட்டியைத் திறந்தான். 3, 5, 7 மூன்று தகடுகளையும் கழற்றிக் கீழே வைத்தான். நடு ஆணியில் ஒரே ஒரு பூஜ்யத்தை மாட்டினான். அதற்கப்புறம்தான் டாக்டர் அறைக் கதவைத் தட்டினான்.

இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். அன்றைக்கே வந்திருந்தால் சுண்டு விரலின் நுனியோடு போயிருக்கும், ஆறு நாள் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். “நம்பர் மாட்டிட்டிருந்தேன்,” என்றான் மூட்டை.

சாப்பாட்டுக் கூடத்தில் அவன் உட்கார்ந்த பெஞ்சு காலியானது. தலைவர் மட்டும் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“ஏழு நாள் பொறுத்திருக்கலாம்டா.”

“ஆறு நாள் பொறுத்ததுக்கு ரெண்டு விரல் போச்சுண்ணே. ஏழு நாளுக்கு எத்தனைன்னு நீங்களே சொல்லுங்க.”

அவர் சாப்பிடாமல் எழுந்து போனார்.

அன்று மாலை மனைவி பேசினாள்.

“நம்பர்?”

“பூஜ்யம்.”

“யாருக்கு?”

“உன் தம்பிக்கு. ரெண்டு விரல். உயிருக்கு ஒண்ணும் இல்லை.”

“இன்னிக்கா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். “ஆறு நாள் முன்னாடி,” என்றான்.

“அப்போ நான் கேட்டப்போ...”

“அப்பவே அடிபட்டிருந்துச்சு.”

“பாத்திரம் கட்டினதைச் சொன்னேனே,” என்றாள். “அதைத்தானே சொல்லிட்டிருந்தேன்.” போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் மகள் எதையோ கேட்பதும், அதற்குப் பதில் இல்லாததும் அவனுக்குக் கேட்டன.

வீடுகள் வேறு குழுவுக்குப் போயின. ஒரு வருஷம் ஐந்து மாதம் கழித்து, முகாமிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு வாடகை வீட்டுக்கு மனைவியும் மகளும் வந்தார்கள். கதவு பழுப்பு நிறம். சமையலறையில் ஜன்னல் இல்லை. கொக்குக்கு ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். “எட்டுக்கு மேல எண்ணச் சொன்னா சம்பளத்தைக் கூட்டணும்னு சொல்லிட்டேன்,” என்பான். அக்கா மட்டும் அதற்குச் சிரிக்க மாட்டாள். சாப்பாடு போடும்போது அந்தக் கையைப் பார்க்காமல் தட்டை வைப்பாள்.

புதிய ஆட்கள் வந்தார்கள். வழக்கப்படி தகடு மாற்றும் வேலை அவர்களுக்குப் போயிருக்க வேண்டும். மூட்டை கொடுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. பூஜ்யம் மாட்டிய மறுநாளே 1 எழுதிய தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகும் குழுவை மறித்து அவன் பலகையடியில் நின்றான். “கையுறையைக் கழட்டுங்க. கையைக் காட்டுங்க,” என்றான்.

“நீ என்ன ஜோசியக்காரனா?” என்றான் ஒருவன்.

யாரும் அசையவில்லை. பிறகு தலைவர் முன்னால் வந்து இரண்டு கையுறையையும் கழற்றி, உள்ளங்கையும் புறங்கையும் காட்டினார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் வரிசையாக வந்தார்கள்.

அதன் பிறகு பதினோரு வருஷம், மழையோ வெயிலோ, கை பார்க்காமல் அவன் தகடு மாட்டியதில்லை. அந்தப் பதினோரு வருஷத்தில் பலகை பத்தொன்பது முறை பூஜ்யத்துக்குத் திரும்பியது. ஒரு முறையும் 365-ஐத் தொடவில்லை. அவன் வேலையை விட்டு நின்ற நாளில் அதில் தொங்கிய எண் நாற்பத்தொன்று.